ஆலாவைப் பார்க்க வந்தவர்கள்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மணல்திட்டு. அதில் சின்ன ஆலா ஒன்று மூன்று முட்டைகள் இட்டது.

ஆலா கடற்பறவை. புறாவைவிடச் சிறியது, கூர்மையான மஞ்சள் அலகு. அது கூடு கட்டுவதில்லை. காலால் மணலைக் கொஞ்சம் பறித்து, அந்தப் பள்ளத்திலேயே முட்டையிட்டுவிடும். முட்டைகளும் மணல் நிறம்தான், அங்கங்கே பழுப்புப் புள்ளி. தெரியாதவர்கள் கூழாங்கல் என்று மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதனால் ஆலா யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் பக்கத்து வளையிலிருந்து நண்டு பார்த்துவிட்டது. நண்டுக்கு ஒரு செய்தி கிடைத்தால் அது வயிற்றில் தங்காது. பொழுது சாய்வதற்குள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. முட்டை இட்டவளைப் பார்க்கப் போகாவிட்டால் அவள் என்ன நினைப்பாள்? ஊர் என்ன சொல்லும்? தன்னைப் பார்க்க யாராவது வர வேண்டும் என்று அவள் நினைக்கிறாளா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் கொக்கு அத்தை வந்தது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று அலகில் ஓர் இறாலைக் கொண்டுவந்தது. பெரியவர்கள் வந்திருக்கும்போது உட்கார்ந்தே இருந்தால் மரியாதையில்லை என்று ஆலா எழுந்து நின்றது. முட்டைகள் வெயிலில் கிடந்தன.

கொக்கு அத்தை சுற்றும்முற்றும் பார்த்தது. கூடு எங்கே என்று கேட்டது. கூடில்லை என்றதும் முகத்தைச் சுளித்தது. தன் வீட்டில் ஒவ்வொரு முட்டைக்கும் எத்தனை குச்சி அடுக்கினார்கள் என்று விவரமாகச் சொன்னது. கொஞ்சம் கடற்பாசி கொண்டுவந்து மெத்தை போடச் சொன்னது. ஆலா எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. கண் மட்டும் முட்டைகளின் மேலேயே இருந்தது.

கடைசியில் தாங்க முடியாமல் ஆலா தண்ணீருக்கு ஓடியது. வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டு திரும்பி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

கொக்கு அத்தை திகைத்துப் போனது. "ஏன்டி, குளிச்சுட்டு உடம்பைக்கூடத் துவட்டாம முட்டை மேல உட்கார்றியே, முட்டைக்குச் சளி பிடிக்காதா?"

சூட்டைத் தணிக்கத்தான் அப்படி என்று ஆலா விளக்க வாயெடுத்தது. அதற்குள் அத்தை வேறு கதைக்குப் போய்விட்டது.

அடுத்து, இரண்டு வாரம் கழித்து வந்தது கப்பல். கப்பல் என்பது மீனவர் குப்பத்து நாய். குட்டியாக இருந்தபோது படகில்தான் தூங்கும், அதனால் அந்தப் பெயர். நல்ல நாய்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் அதற்கு ஏன், எப்படி என்று தெரிந்தாக வேண்டும். சொறிமீன் ஏன் சொறிய வைக்கிறது என்று நக்கிப் பார்த்து, மூன்று நாள் வீங்கிய நாக்கோடு திரிந்தது.

கப்பல் திட்டில் கால் வைத்ததுமே ஆலாவும் அதன் ஜோடியும் விர்ரென்று எழும்பின. கீச்கீச்சென்று கத்திக்கொண்டு அதன் தலைக்கு மேலே சுற்றின. சரேலென்று இறங்கி, காதை உரசிக்கொண்டு மேலே போயின. ஒன்று அதன் முதுகில் எச்சம்கூடப் போட்டது.

கப்பலுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தன்னை இப்படி ஆடிப்பாடி யாருமே வரவேற்றதில்லை. எச்சத்தையும் ஏதோ அவர்கள் வழக்கம் என்று எடுத்துக்கொண்டது. முட்டைகளை மோந்து பார்த்தது, சுற்றி வந்து பார்த்தது, உட்கார்ந்து பார்த்தது. மூன்று நாள் தொடர்ந்து வந்தது.

இதையெல்லாம் கரையோரச் சவுக்கு மரத்திலிருந்து ஒரு காகம் கவனித்துக்கொண்டிருந்தது. காகம் ஏற்கெனவே ஒருமுறை முட்டைக்கு ஆசைப்பட்டு தனியாகப் போய், இரண்டு ஆலாக்களிடமும் மண்டையில் கொத்து வாங்கிக்கொண்டு வந்திருந்தது. இப்போது அதற்கு ஒன்று விளங்கியது. நாய் வந்தால் இரண்டும் நாயிடம் போய்விடுகின்றன. பள்ளத்தில் காவல் இல்லை.

காகம் கப்பலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"தம்பி, உனக்கு அங்கே இருக்கிற மரியாதை யாருக்கு இருக்கு? நான் போனா எழுந்துகூட வரமாட்டாங்க. நாளைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வா. உச்சி வெயில்ல போ, அப்பதான் ரெண்டு பேரும் வீட்ல இருப்பாங்க."

கப்பல் போனது. ஆலாக்கள் கத்திக்கொண்டு அதன் மேல் பாய்ந்தன. கப்பல் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பின்னாலேயே காகம் சத்தமில்லாமல் இறங்கி, ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

மூன்று இரண்டாயிற்று.

இந்தச் செய்தியையும் நண்டுதான் கொண்டுபோனது. கரையில் எல்லோருக்கும் மனசு கலங்கிவிட்டது. பொய்யில்லை, உண்மையாகவே கலங்கியது. சந்தோஷத்துக்குப் போனவர்கள் துக்கத்துக்குப் போகாமல் இருக்கலாமா? கொக்கு அத்தை, கப்பல், நண்டு, நண்டின் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் என்று மறுநாள் மதியம் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினார்கள்.

போய் நின்றார்கள். ஆலாக்கள் வழக்கம்போல எழும்பிக் கத்தின. பாவம், அழுகிறார்கள் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கொக்கு அத்தை ஆறுதல் சொல்ல ஆரம்பித்தது. பள்ளத்தில் மெத்தை போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றும் நடுவே சொல்லி வைத்தது. துக்க வீட்டில் வந்தவுடன் கிளம்பினால் நன்றாக இருக்காது என்று எல்லோரும் வெகு நேரம் நின்றார்கள்.

வெயில் மணலை வாணலிபோலக் காய்ச்சியது. கொக்கு அத்தை நெட்டையாக நின்றதில் அதன் நிழல் ஒரு முட்டையின் மேல் விழுந்தது. அன்றைக்கு அத்தனை பேர் வந்ததில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதையும் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

எல்லோரும் கிளம்பியதும் ஆலா நனைந்த வயிற்றோடு ஓடிவந்து உட்கார்ந்தது. பிறகு மெல்ல எழுந்தது. தலையைச் சாய்த்து ஒரு முட்டையின் பக்கம் காதை வைத்தது. முந்தின நாள்வரை அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. இப்போது இல்லை. அடுத்த முட்டையில் காதை வைத்தது. அதில் சத்தம் இருந்தது.

கப்பல் மட்டும் திட்டின் ஓரத்தில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆலா எதற்காக இப்படிச் சாய்ந்து கேட்கிறது என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் கிட்டே வந்து கேட்டது.

ஆலாவின் பொறுமை அங்கே அறுந்தது.

"உள்ளே என் குஞ்சு செத்துப் போச்சா, இருக்கான்னு கேட்கிறேன். செத்துப் போச்சு. உங்களாலதான்."

கப்பலுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாங்க யாரும் தொடவே இல்லையேக்கா."

"தொடணுமா? வந்தாலே போதும். நீ வந்தா நான் எழணும். நான் எழுந்தா வெயில். படு. இந்த மணல்ல வயித்தை வெச்சு ஒரு நிமிஷம் படு, பார்ப்போம்."

கப்பல் படுத்தது. படுத்த வேகத்திலேயே துள்ளிக்கொண்டு எழுந்தது.

"உனக்குக் கால் இருக்கு, குதிச்சுட்டே. முட்டைக்குக் கால் இருக்கா?"

கப்பல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அப்புறம் மெதுவாகக் கேட்டது. "அப்ப என் தலைக்கு மேல நீங்க ரெண்டு பேரும் ஆடினது?"

"ஆடினோமா? உன்னை விரட்டினோம்டா!"

அந்தச் சத்தத்தில் காகம் சவுக்கு மரத்தில் இடம் மாறி உட்கார்ந்தது. கப்பல் அதைத் திரும்பிப் பார்த்தது. உச்சி வெயிலில் போகச் சொன்னது யார் என்பது அதற்கு ஞாபகம் வந்தது. முதல் முட்டை எப்படிப் போனது என்பதும் புரிந்தது.

தான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கப்பல் கேட்டது. காவல் இருக்கட்டுமா, மீன் கொண்டுவரட்டுமா, மணலில் தண்ணீர் தெளிக்கட்டுமா?

"போ" என்றது ஆலா. "போனா போதும்."

இதைவிடக் கடினமான வேலையை யாரும் கப்பலுக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் போனது. திட்டு கரையோடு சேரும் ஈரமணல் வரை வந்து திரும்பிப் பார்த்தது. ஆலா முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. இந்தத் தூரத்தில் தான் நின்றால் அது எழுவதில்லை என்று தெரிந்தது. கப்பல் அங்கேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் கொக்கு அத்தை மீனோடு வந்தது. கப்பல் வழியை மறித்து, நடந்ததைச் சொன்னது. அத்தைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "துக்கத்துக்குப் போகாம இருக்க முடியுமாடா? என்னை என்னன்னு நினைப்பா?"

"இங்கேருந்தே வருத்தப்படுங்கத்தை. அங்கே போய்ப் பட்டா இன்னொரு துக்கம் ஆயிடும்."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே நின்றது. கொண்டுவந்த மீனைத் தானே விழுங்கியது. ஆனால் தாண்டிப் போகவில்லை.

நண்டுக்கு உள்ளூர உறுத்தல். செய்தியைப் பரப்பியது அதுதானே? திட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று கரை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தது. விளைவு? அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, முன்பு எட்டிக்கூடப் பார்க்காத இரண்டு ஆடுகளும் ஓர் உடும்பும் கிளம்பி வந்துவிட்டன. கப்பல் குரைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நண்டு மறுபடி ஒரு சுற்று போனது. இந்த முறை காரணத்தையும் சேர்த்துச் சொன்னது: நாம் போனால் தாய் எழுந்துவிடும், தாய் எழுந்தால் முட்டை வெந்துவிடும். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. காரணம் தெரிந்தால் ஆடுகூடக் கேட்கிறது.

காகம் ஒன்றுதான் கேட்கவில்லை. நாய் திட்டுக்குள் வராதவரை அதற்கு வழியில்லை. ஒருநாள் பகலில் அது கப்பலின் எதிரே வந்து இறங்கியது.

"தம்பி, விஷயம் தெரியுமா? முட்டை பொரியுது. நான் மேலேருந்து பார்த்தேன். ஓட்டுல விரிசல், உள்ளேருந்து சின்ன மூக்கு எட்டிப் பார்க்குது. இத்தனை நாள் காவல் இருந்தவன் நீ. முதல்ல பார்க்க வேண்டியவன் நீதானே?"

கப்பலின் காது நிமிர்ந்தது. மூக்கு எந்த நிறம்? ஓட்டை எப்படி உடைக்கிறது? வெளியே வந்ததும் கண் திறந்திருக்குமா, மூடியிருக்குமா? அதன் முன்னங்கால் தானாக ஓர் அடி எடுத்து வைத்தது.

தூரத்தில் ஆலா தலையைத் தூக்கியது.

கப்பல் அதைக் கண்டது. எடுத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது. மறுபடி படுத்து, முகத்தைக் கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டது. ஆலா தலையைத் தாழ்த்தி உட்கார்ந்தபடியே இருந்தது.

பார்க்க ஆசையில்லையா என்று காகம் கேட்டது.

"செத்துடுவேன் போல இருக்கு, அவ்வளவு ஆசை" என்றது கப்பல். "அதனாலதான் போகலை."

காகம் பொறுமையிழந்து தனியாகவே திட்டுக்குப் பறந்தது. ஆண் ஆலா நேராக எழும்பி வந்தது. இத்தனை நாள் அடக்கிவைத்த ஆத்திரம், குஞ்சுகளைப் பறிகொடுத்த ஆத்திரம், எல்லாவற்றையும் சேர்த்துக் கொத்தியது. பெண் ஆலா இடத்தைவிட்டு அசையவே இல்லை. இரண்டு இறகுகளைத் திட்டில் விட்டுவிட்டுக் காகம் ஆற்றைத் தாண்டி எங்கோ போனது. அப்புறம் அந்தச் சவுக்கு மரத்தில் அதைப் பார்த்தவர் இல்லை.

குஞ்சு அன்றைக்கே பொரிந்தது. கப்பல் பார்க்கவில்லை. அது எழுந்து நடந்தபோதும் பார்க்கவில்லை. மணல் நிறத்தில் மணலோடு ஒட்டிக் கிடக்கிற குஞ்சை அந்தத் தூரத்திலிருந்து யாரால் பார்க்க முடியும்? ஆண் ஆலா இப்போது பொடிப்பொடி மீன்களாகக் கொண்டுவருகிறது என்பதை மட்டும் கப்பல் கவனித்தது. மீன் நாளுக்கு நாள் கொஞ்சம் பெரிதானதையும் கவனித்தது. அதை வைத்து உள்ளே ஒன்று வளர்கிறது என்று தெரிந்துகொண்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், அலை மேலே மூன்று ஆலாக்கள் பறந்தன. மூன்றாவது சரியாகத் திரும்பத் தெரியாமல் தடுமாறியது. தண்ணீரில் பொத்தென்று விழுந்து, வெறும் அலகோடு மேலே வந்தது. கப்பல் எழுந்து நின்று வாலை ஆட்டியது. ஈரமணலைத் தாண்டி ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

ஓர் உயிரைக் காப்பாற்ற ஆசைப்படுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதனிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதே.