அடைக்கோழி முட்டையோடு பேசும் கதை

கோழியும் இடியும் பேசிய அந்தக் காலத்தில், அடைகாக்கும்போது மட்டும் கோழி வாய் திறக்காது. முட்டைக்குக் காது ஏது என்கிற நினைப்பு அதற்கு.

ஐப்பசியில் இருளாயி தன் கறுப்புக் கோழியை அடைவைத்தாள். சாம்பலில் புரளவிட்டுப் பேன் போக்கி, புது முட்டைகளாகப் பொறுக்கி, கூடையில் வைக்கோல் பரப்பி உட்கார வைத்தாள். முந்தைய அடைகள் எல்லாம் கூமுட்டையாகிவிட்டன. இதுவும் போனால் இனி உட்காரவே மாட்டேன் என்று கோழி சொல்லியிருந்தது.

முட்டைக்குள் உயிர் திரண்ட சமயத்தில் மழை பிடித்தது. இடி கூரைமேல் வந்து நின்று, "வாங்க மக்கா!" என்று கூப்பிட்டது. ஊரே அதிர்ந்தது. ஒரு முட்டை சில்லிட்டது. அதிலிருந்த உயிர் புகையாக எழுந்து கூரையைத் தாண்டிப் போவதை இருளாயி கண்ணால் பார்த்தாள்.

"ஐயா சாமி, எம் பிள்ளைகள ஏன் கொண்டுபோறே?" என்று கோழி அலறியது.

"நானா கொண்டுபோறேன்? பிறக்காத உயிருக்கு முதல்ல கேக்குற குரல்தான் தாய். நீ ஊமையா உக்காந்திருந்தா, அதுக என் பின்னாலதான வரும்?" என்றது இடி.

இருளாயி அரிவாளை எடுத்துக் கூடையில் செருகினாள். "பேயே இரும்புக்கு அடங்குது. இது கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்குள்ள பேசுடி!"

"என்னத்த ஆத்தா பேச?"

"பெத்தவளுக்குப் பேசச் சொல்லியா குடுக்கணும்?"

அடுத்த இடி அரிவாளில் இறங்கியது. இரும்பு நடுநடுங்கி அந்தச் சத்தத்தை விழுங்கியது. அந்த நொடியில் கோழி அடிவயிற்றிலிருந்து முணுமுணுத்தது. வானத்தை உலுக்கும் குரலுக்கு எதிரே எத்தனை சின்னச் சத்தம்!

முட்டைக்குள்ளிருந்து ஒரு 'கீச்' கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம்.

அப்பேர்ப்பட்ட இடி, ஓட்டுக்குள் கிடந்த அந்தக் குரல்களைக் கேட்டு வாயடைத்து நின்றது. பிறகு மலைப்பக்கம் ஒதுங்கிப் போனது. போன உயிர் மட்டும் திரும்பவில்லை.

அன்று முதல்தான் அடைக்கூடையில் நாம் ஓர் இரும்புத்துண்டு போடுகிறோம். கோழி அதை நம்பி வாயை மூடுவதில்லை. குஞ்சு ஓட்டை உடைத்து முகம் பார்க்கும்வரை பேசிக்கொண்டேதான் இருக்கிறது.