ஐந்து குவியலைக் காத்த இடியன்

ஒரு காட்டில், மழை பொய்த்துப் புல்லெல்லாம் கருகிய ஒரு கோடையில், மூக்காயி என்ற கழுதையின் தலையில் நான்கு குதிரைக்குட்டிகளைக் கட்டிவிட்டு, தாய்க்குதிரைகள் மேய்ச்சல் தேடி மலைக்கு அப்பால் போய்விட்டன.

"பௌர்ணமிக்குள் நாலு பேரையும் மலையேற்றிக் கூட்டி வந்துவிடு. அதற்குமேல் இங்கே குடிக்கத் தண்ணீர்கூட இருக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் போயின.

மூக்காயி தினமும் விடிந்ததும் பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கே கருகாமல் மிஞ்சியிருந்த புல்லை வாய் நிறையக் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து ஒரே குவியலாகப் போட்டாள். போட்டதுதான் தாமதம், மூத்த குட்டி இடியன் காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு பாய்வான். ஒருவனுக்குக் கடி, இன்னொருவனுக்கு உதை. எல்லாரிலும் சின்னவளான சிட்டு, புல் இருக்கும் பக்கமே வரமாட்டாள்.

"டேய் இடியா, அதுவும் வயிறுதானே! சிட்டு இப்படி மெலிந்தால் மலையேறுவாளா?"

"வரச்சொல்லுங்கள் அத்தை, பார்க்கலாம்" என்றான் இடியன்.

மூக்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் நான்கு குவியலாகப் போட்டாள். இடியன் நடுவில் நின்றுகொண்டு நான்கு பக்கமும் உதைத்தான். பெற்றவர்கள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்க, எனக்கு எதற்கு இந்தத் தலைவலி என்று அவளுக்கு அழுகையே வந்தது.

அதற்கு மறுநாள், மரத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி ஐந்து குவியல் போட்டாள்.

இடியன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாலு பேருக்கு ஐந்து குவியலா? கழுதைக்கு எண்ணத் தெரியவில்லை! சரி, ஐந்தும் எனக்குத்தான்."

சொன்னபடியே சிட்டுவை முதல் குவியலிலிருந்து விரட்டினான். அவள் ஆளில்லாத குவியலுக்குப் போய் மேய்ந்தாள். அங்கேயும் ஓடிவந்தான். அதற்குள் முதல் குவியலில் வேறொருவன் வாய் வைத்துவிட்டான். "டேய், அது என்னுடையது!" என்று இடியன் திரும்பி ஓடினான். வெயில் ஏறும்வரை இதே ஓட்டம். கடைசியில் மூச்சிரைக்க நின்றபோது ஐந்து இடத்திலும் வெறும் மண்தான் கிடந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதைதான்.

"ஒரு இடத்தில் நின்று தின்னேன்டா" என்று மூக்காயி நாள் தவறாமல் கத்தினாள்.

"நான் நின்றால் அவர்கள் தின்றுவிடுவார்களே!"

பௌர்ணமிக்கு முதல் நாள் எல்லாரும் மலையேறினார்கள். சிட்டு துள்ளிக்கொண்டு முன்னால் போனாள். பாதி வழியில் இடியனுக்குக் கால்கள் நடுங்கின. விலா எலும்பெல்லாம் தெரிய, பாறையோரம் படுத்துவிட்டான். மூக்காயி பின்னாலிருந்து தலையால் முட்டித் தள்ளினாள். அவன் அசையவில்லை. இவனைப் பெற்றவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று புலம்பினாள்.

மேலே போயிருந்த சிட்டு, பாறை இடுக்கில் முளைத்திருந்த பசும்புல்லை வாயில் கவ்வி வந்து இடியன் முன்னால் போட்டாள்.

இடியன் காதுகளை மடக்கினான். படுத்தபடியே பல்லைக் காட்டி அவளைக் கடிக்கப் பாய்ந்தான்.

"அட பாவி! கொண்டுவந்து கொடுத்ததே அவள்தான்!" என்று மலையே அதிரக் கத்தினாள் மூக்காயி. "முதலில் தின்னுடா!"

நீதி: அடுத்தவர் வாயைக் காவல் காக்க ஓடுகிறவன் தன் வயிற்றைக் காயப்போடுவான்.