ஏரிக்காரக் கொக்கு

எருமையின் காதுக்குள் அலகை விட்டு ஓர் உண்ணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது கொக்குக்கு அந்தக் குரல் கேட்டது.

“ஐயா, இந்தக் காட்டுல பெரிய ஏரி எந்தப் பக்கம் இருக்குங்க? அங்கே எங்க அத்தான் இருக்கார்.”

வந்திருப்பது கொக்கின் மனைவியின் தம்பி. மலைக்கு அந்தப் பக்கம், வற்றிக்கொண்டிருந்த குளத்தோடு விட்டுவிட்டு வந்த குரல். கொக்கு தலையை வெளியே எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே நுழைத்துக்கொண்டது.

“யோவ், கூசுது,” என்றது எருமை. பிறகு, வந்த கொக்கைப் பார்த்து, “யாரு உங்க அத்தான்?” என்று கேட்டது.

“அவரும் கொக்குதாங்க. ஏரியே அவர் பொறுப்புலதான் இருக்காம். காலையில விரால், சாயங்காலம் கெளுத்தின்னு வாத்துங்ககிட்ட சொல்லி அனுப்பியிருந்தார்.”

பக்கத்து எருமையின் முதுகில் இருந்த மைனா விழுந்து விழுந்து சிரித்தது. “அடேயப்பா, ஏரிக்காரரா! இங்கே ஏரி ஏது தம்பி, சேறுதான் இருக்கு. இந்தக் காட்டுல கொக்குன்னா, எருமைக்குக் காது குடைய வந்த ஆளு.”

கொக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தது. தண்ணீரில் நின்று மீன் பிடிப்பதுதான் அவர்கள் இனத்தில் வேலை. அடுத்தவர் உடம்பில் பூச்சி பொறுக்குவதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள். வந்த புதிதில், மலையைத் தாண்டிப் போகும் வாத்துகளிடம், “நல்லா இருக்கேன்னு சொல்லுங்க” என்று மட்டும்தான் சொன்னது. அடுத்த தடவை ஒரு குட்டையைச் சேர்த்துக்கொண்டது. அதற்கடுத்த தடவை குட்டை ஏரியாகிவிட்டது.

“ஏரி இல்லைன்னா பரவாயில்லீங்க, வேற வேலை இருந்தாலும் சொல்லுங்க,” என்றது வந்த கொக்கு. “ஊர்ல குளத்துல இருந்த என் இடத்தை விட்டுக்கொடுத்துட்டு வந்துட்டேன். திரும்பிப் போனா நிக்க இடமில்லை. குஞ்சுங்க வேற இருக்கு.”

எருமை வாலைச் சுழற்றியது. “இங்கே தெரிஞ்ச ஆள் யாராவது சொன்னாத்தான் முதுகு கொடுப்போம். போன கோடையில ஒரு காக்கா வந்து, வேலை செய்யறேன்னு சொல்லிப் புண்ணைக் கொத்தி ரத்தம் குடிச்சுட்டுப் போயிட்டுது.” பிறகு காதை உதறியது. “ஏம்ப்பா, தலையை எடு வெளியே. இவன் உங்க ஆளா?”

காதை உதறியதும் தலை தானாக வெளியே வந்துவிட்டது. இரண்டு கொக்குகளும் ஒன்றையொன்று பார்த்தன.

ஆமாம் என்று சொன்னால் வந்தவனுக்கு வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் ஏரி இல்லை, காது குடைகிற வேலைதான் என்று ஊருக்குச் செய்தி போகும். ஏரிக்காரர் பெண்டாட்டி என்று குளக்கரையில் வழிவிடுகிறவர்கள் முன்னால் மனைவி தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கும்.

“பார்த்ததே இல்லைங்க,” என்றது கொக்கு.

வந்த கொக்கு திறந்த அலகை மூடிக்கொண்டது. பிறகு, “ஆமாங்க,” என்றது. “எனக்கும் இவரைத் தெரியாது.”

எருமைக்கு இரக்கமாக இருந்தது. “சரி, இவ்வளவு தூரம் வந்துட்டே. ஏறு, உன் வேலையைப் பார்ப்போம்.”

வந்த கொக்கு முதுகில் ஏறியது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கழுத்தைச் சுருக்கி, அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

“என்னடா பண்றே?” என்றது எருமை.

“வரட்டும்னு பார்க்கிறேங்க.”

“எது வரட்டும்னு?”

“உண்ணி.”

மைனாவுக்குச் சிரிப்பில் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. “உண்ணி நீந்தி வரும்னு நிக்கிறான்! ஏ எருமையக்கா, உன் முதுகைக் குளம்னு நெனச்சுட்டான்!”

முதல் நாள் கொக்கும் அப்படித்தான் நின்றது. உண்ணி வராது, நாம்தான் தேடிப்போக வேண்டும், முடிக்கு எதிர்ப்பக்கமாக அலகை விட வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் பசியில் கால் நடுங்கிவிட்டது. அதை இப்போது ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். மைனா தன் பக்கம் திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் கொக்கும் சேர்ந்து சிரித்தது.

சிரித்து முடித்தபோது வந்த கொக்கு கீழே இறங்கியிருந்தது.

“வேற எங்காவது பாரு தம்பி,” என்றது எருமை.

“சரிங்க. ஊருக்கே போயிடறேன்.” அது எருமையிடம்தான் பேசியது, ஆனால் தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகப் பேசியது. “எங்க அத்தானைப் பார்க்க முடியலைன்னு சொல்லிடறேன். ஏரி இன்னும் ரொம்பத் தூரமாம், நல்லா இருக்காராம்னு சொல்லிடறேன். அக்கா சந்தோஷப்படும்.”

கொக்குக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

“மழை வர்றதுக்குள்ளே மலையைத் தாண்டிடுங்க,” என்றது. மைத்துனனை அது ‘வாங்க போங்க’ என்று பேசியது அன்றுதான்.

“சரிங்க,” என்றது வந்த கொக்கு.

எருமை சேற்றைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. மைனா இன்னொரு முதுகுக்குத் தாவிவிட்டது. வந்த கொக்கு இரண்டடி பறந்து அருகே வந்தது. கொக்கின் பிடரியில், அதன் அலகுக்கு எட்டாத இடத்தில் ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது. வந்த கொக்கு இறகை எதிர்ப்பக்கமாக ஒதுக்கி, அதைப் பிடித்து மெதுவாக இழுத்துக் கீழே போட்டுவிட்டு, மலைப்பக்கம் பறந்து போனது.

நீதி: செய்யும் வேலையை மறைக்கத் தொடங்குகிறவர், சொந்தக்காரரையும் மறுக்க வேண்டி வரும்.