வடமலையின் பசி மணி

"அம்மா, நான் என்ன சாப்பிடணும்?"

வந்ததும் வராததுமாக வடமலை கேட்டது இதைத்தான். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

மடத்தம்மா வாழைப் பாத்திக்கு வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சொந்தப் பெயர் உலகம்மாள். வடமலையைவிடப் பத்து வயதாவது இளையவள். ஆற்றங்கரை மடத்தை நடத்துகிறவள் என்பதால் ஊரே அவளை அம்மா என்றுதான் கூப்பிடும். அவளோ ஊரில் மீசை நரைத்த எல்லோரையும் அண்ணாச்சி என்பாள்.

"பசிக்குதா அண்ணாச்சி?"

வடமலை சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் நேரம் இருக்கும்மா."

மடத்தம்மா மண்வெட்டியைக் கீழே போட்டாள். கிட்டே வந்து செல்லை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு? இதுக்கா?"

வடமலைக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபித்துக்கொள்ள வந்த இடமில்லை அது.

விஷயம் இதுதான். வடமலை பெருமாள் கோயிலில் பல்லக்குத் தூக்குகிறவர். முன்தண்டில் இடது பக்கம் அவருடைய இடம். பெருமாள் வீதியுலா புறப்பட்டால் அந்த இடத்தில் அவர் தோள்தான் இருக்கும். இரண்டு வருஷமாக உடம்பு ஊதிக்கொண்டே போயிற்று. முழங்கால் முனக ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உடம்பைக் குறைச்சா வைகாசித் திருவிழாவுல தூக்கலாம். இல்லேன்னா ஓரமா நின்னு சேவிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

ஓரமாக நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ள ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வடமலையால் முடியாது.

அவர் சும்மா இருந்துவிடவும் இல்லை. கையில் ஒரு பை கொண்டுவந்திருந்தார். அதைத் திறந்து ஒரு டப்பாவை வெளியே எடுத்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"மாவும்மா. காலையில ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, தண்ணியில கலக்கிக் குடிக்கணும். நடுவுல ஒண்ணும் கூடாது."

"குறைஞ்சுதா?"

"சும்மா சொல்லப்படாது. நல்லாக் குறைஞ்சுது."

"அப்புறம்?"

"டப்பா தீந்துது."

மடத்தம்மா டப்பாவை முகர்ந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"போன சதை தனியாத்தாம்மா போச்சு. வரும்போது அக்கா தங்கச்சி எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டுது" என்றார் வடமலை.

அடுத்தது ஓர் அட்டை. சோற்றைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்று சொன்ன அட்டை. அது மச்சினன் மகள் சடங்கு வரைக்கும் ஓடியது. பந்தியில் உட்கார்ந்ததோடு சரி.

"இப்போ இந்தச் செல்லும்மா. கோச்சுன்னு ஒருத்தர் பெங்களூர்ல இருக்காரு. இதுல மணி அடிச்சாச் சாப்பிடணும். அவரு எழுதி அனுப்புறதை மட்டும், அவரு சொல்லுத அளவு."

"இதுலயாவது குறையுதா?"

"குறைஞ்சுக்கிட்டுதான் இருந்துது." வடமலை தலையைச் சொறிந்தார். "போன வாரம் கரண்டு இல்ல. செல்லு செத்துப்போச்சு."

"ஐயோ. என்ன செஞ்சீங்க?"

"சாயங்காலம் வரைக்கும் தின்னேன்."

மடத்தம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வடமலையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சிரிங்கம்மா. ஆனா எனக்கு அந்த இடம் போயிரக் கூடாது. உங்க வாயால ஒரு திட்டம் சொல்லுங்க. அட்சரம் பிசகாம கேக்குதேன்."

"கேப்பீங்களா?"

"தலைமேல வச்சுக்குவேன்."

"தலை வேண்டாம் அண்ணாச்சி. தோள் போதும்" என்றாள் மடத்தம்மா.

மடத்து மோட்டார் பழுதாகிக் கிடந்தது. சமையலுக்கு ஆற்றிலிருந்துதான் தண்ணீர். ஒரு மூங்கில் கழியில் அண்டாவைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் வடமலையும் பின்னால் சமையல்கார நெல்லையப்பனும் தூக்கிவர வேண்டும் என்றாள். உடம்புக்கு வேலை கொடுக்கிறாள் என்று வடமலை நினைத்துக்கொண்டார். இதுதான் திட்டமா, இதைத்தான் நாலு பேரும் சொல்கிறார்களே!

"பாதி அண்டா போதும். முழங்காலுக்கு அதுவே அதிகம். ஆனா ஒண்ணு" என்றாள் மடத்தம்மா.

"சொல்லுங்கம்மா."

"இடது தோளும் வலது தோளும் மாத்திக்கிறது உங்க இஷ்டத்துக்கு இல்ல. இந்தச் செல்லுல மணி அடிக்கணும். அடிச்சா மாத்தணும். அடிக்காட்டா மாத்தப்படாது. நீங்களே மணி வச்சுக் குடுங்க. எனக்கு இது தெரியாது."

வடமலைக்குச் சிரிப்பாக இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தார்.

ஆற்றில் மொண்டு, கழியைத் தோளில் ஏற்றி, பத்தடி வைத்திருப்பார்கள். மணி அடித்தது.

"மாத்துங்க" என்றாள் மடத்தம்மா. கையில் செல்லோடு பக்கத்திலேயே நடந்துவந்தாள்.

"இப்பத்தானேம்மா தூக்கினோம். தோளு பூ மாதிரி இருக்கு."

"மணி அடிச்சுட்டுதே."

மாற்றினார். அண்டா ஆடித் தண்ணீர் அலம்பியது. பின்னாலிருந்து நெல்லையப்பன் என்னமோ முணுமுணுத்தான்.

மணல் முடிந்து கரை ஏற்றம் வந்தது. வலது தோள் காந்த ஆரம்பித்தது. வடமலை ஓரக்கண்ணால் செல்லைப் பார்த்தார். அது கம்மென்று கிடந்தது.

"அம்மா."

"இன்னும் அடிக்கல அண்ணாச்சி."

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். காந்தல் முதுகுக்கு இறங்கியது. வியர்வை கண்ணில் விழுந்தது. வாக்குக் கொடுத்தாயிற்று, என்ன செய்வது?

மடத்துப் படி வந்தது. உயரமான படி. ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் இருக்கிற நேரம் பார்த்து மணி அடித்தது.

"மாத்துங்க!"

அட்சரம் பிசகாதவர் மாற்றப் போனார். முழங்கால் மடங்கியது. நெல்லையப்பன் "ஐயையோ" என்று கத்தினான். அண்டா படியில் மோதி, தண்ணீர் மொத்தமும் ஆற்றைப் பார்க்க ஓடிற்று.

வடமலை கழியை விட்டெறிந்தார்.

"என் தோள் நோவுறது அந்தச் செல்லுக்கு எப்படிம்மா தெரியும்?"

கத்தியே விட்டார். நெல்லையப்பன் வாயைப் பிளந்தான். அம்மாவிடம் அந்தக் குரலில் யாரும் பேசியதில்லை.

மடத்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவள் படியில் உட்கார்ந்தாள். கதை கேட்கிற பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"அப்போ பல்லக்குத் தூக்கும்போது, மாத்தணும்னு யாரு சொல்லுவா?"

"நல்லாக் கேட்டீங்க. அதை யாரு வந்து சொல்ல முடியும்?" வடமலைக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "முதல்ல கழுத்தடியில எறும்பு ஊருற மாதிரி இருக்கும். அது சும்மாம்மா. பழக்கமில்லாதவன் அதுக்கே மாத்திருவான். பேசாம நடந்தா அடங்கிரும். அப்புறம் ஒரு சூடு வரும். அதுதான் நிசம். அது முதுகுக்கு இறங்குறதுக்கு முன்னால மாத்திரணும்."

"எறும்பு எது, சூடு எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரே நாள்ல வந்துருமா? எத்தனை தடவை தப்பா மாத்தியிருப்பேன்! புதுசுல எறும்பையே சூடுன்னு நினைச்சுக்கிட்டு அலறியிருக்கேன். கவனிச்சுக் கவனிச்சுத்தான். வேற ஒருத்தன் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் என் தோளுக்குள்ள வந்து..."

வடமலை பாதியில் நிறுத்திவிட்டார்.

மடத்தம்மா பக்கத்தில் கிடந்த அண்டாவை நிமிர்த்தி வைத்தாள்.

"வாங்க. இலை போட்டாச்சு" என்று எழுந்தாள்.

நடையைத் தாண்டும்போது செல் மறுபடி அடித்தது. இது சாப்பாட்டு மணி. வடமலை அதை வாங்கி அமர்த்திப் பையில் போட்டார்.

இலையில் சோறு விழுந்தது. பூசணிக்காய்க் கூட்டு, கீரை, சாம்பார். வடமலை வழக்கமாக இலையைப் பார்க்க மாட்டார். செல்லைப் பார்ப்பார், அல்லது பக்கத்து இலையைப் பார்ப்பார். அன்றைக்கு ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு மென்றுகொண்டே இருந்தார். கூட்டில் தேங்காய் இருந்தது. நல்ல பசி இருந்தது. அடுத்த வாய்க்கும் இருந்தது.

நெல்லையப்பன் சோற்றுக் கூடையோடு மறுபடி வந்தான். படியில் நடந்ததை அவன் அதற்குள் மறந்திருந்தான்.

"ரசத்துக்குச் சோறு வைக்கட்டுமா அண்ணாச்சி?"

"கொஞ்சம் பொறு."

"என்னத்துக்குப் பொறுக்கணும்? பெருமாளைத் தூக்குற உடம்பு! ரெண்டு கரண்டி கூடப் போட்டா எனக்குத்தான் புண்ணியம்."

அந்த வார்த்தைக்கு எத்தனையோ வருஷமாக எத்தனையோ பந்திகளில் வடமலை சரி சரி என்று தலையாட்டியிருக்கிறார். தூக்குகிறவருக்கு வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது என்று ஊரே வைக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, பொய் எதற்கு!

இப்போது தலையை ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

நெல்லையப்பன் கரண்டியைத் தூக்கியபடி நின்றான். பக்கத்து இலைக்காரர் "இந்தப் பக்கம் வாருமய்யா" என்று குரல் கொடுத்தார். வடமலைக்கு அது காதில் விழவில்லை. ஆள் எங்கேயோ உள்ளே போயிருந்தார்.

"பாதிக் கரண்டி போடு" என்றார் கடைசியில்.

போட்டான். ரசம் ஊற்றினான். வடமலை நிதானமாகச் சாப்பிட்டார். மோருக்கு வந்தபோது நெல்லையப்பன் வாயைத் திறப்பதற்கு முன்பே இலைக்கு மேல் கையை விரித்துவிட்டார்.

"போதும்."

"எந்த டாக்டரு சொன்னாரு?" நெல்லையப்பனுக்கு மனசு ஆறவில்லை.

"ஒருத்தரும் சொல்லலப்பா."

சொன்னவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. தன் கையையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்ல எதிர் வரிசைக்குத் திரும்பினார். மடத்தம்மா அங்கே மோர்ச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இப்படியே இருந்தா வைகாசிக்குள்ள குறைஞ்சிருமா? தண்டு பிடிச்சிருவேனா?"

மடத்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு என்ன சாப்பிடப் போறீங்க அண்ணாச்சி?"

நீங்களே சொல்லுங்கம்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வடமலை அதை விழுங்கினார்.

"முதல்ல பசிக்கட்டும்மா" என்றார்.