பாதத்தில் பதிந்த விரல்

"எல்லாருக்கும் பதியுது. எனக்கு மட்டும் பதிய மாட்டேங்குதும்மா."

இதைச் சொல்லும்போது சிவக்கொழுந்தின் குரல் தழுதழுத்தது. அவருக்கு அறுபத்திரண்டு வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து முயல்பாறைக் குகையில் மரகதம்மாளுக்குத் தொண்டு செய்கிறார்.

மரகதம்மாள் குகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சீடரைவிட பதினைந்து வயது இளையவர். குருவுக்கு வயது ஏது என்று சிவக்கொழுந்து பக்தர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

"என்ன பதியலை?"

"விரல் தடம்மா. உங்க பாதத்துல."

முயல்பாறைக்கு வருகிறவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள். அம்மாவின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுக் கையை எடுத்தால், தொட்ட இடத்தில் விரல் குழியாகப் பதிந்திருக்கும். மெல்ல மெல்லத்தான் மறையும். வந்தவருடைய கஷ்டத்தை அம்மா வாங்கிக்கொண்டதற்கு அது அடையாளம்.

இதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர் சிவக்கொழுந்துதான். தடம் நெடுநேரம் நின்றால் அருள் அதிகம் என்று பிறகு யாரோ கிளப்பிவிட்டார்கள். இப்போதெல்லாம் ஜனங்கள் கட்டைவிரலை வைத்து நன்றாக ஊன்றுகிறார்கள்.

சிவக்கொழுந்து மரியாதை தெரிந்த மனிதர். பட்டும் படாமல் தொடுவார். பதியாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

"அழுத்தித் தொடுங்கண்ணே," என்றார் மரகதம்மாள்.

அண்ணே என்று அம்மா கூப்பிடும்போதெல்லாம் சிவக்கொழுந்துக்குக் கூச்சமாக இருக்கும். எல்லா உயிரும் உறவு என்பதைத்தான் அம்மா அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார். வயதில் மூத்தவர் என்பதால் கூப்பிடுகிறார் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. எடுத்தபோது கணுக்காலுக்குக் கீழே பெரிய குழி ஒன்று இருந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வலிக்குது," என்றார் மரகதம்மாள்.

"யாரோட வலிம்மா? இந்தப் பாவியோட வலியா, லோகத்தோட வலியா?"

"என் கால் வலி."

சிவக்கொழுந்து கண்ணை மூடி அந்த வாக்கை மனதில் வாங்கிக்கொண்டார். இன்றைக்குச் சாயங்காலம் பக்தர்களுக்கு விளக்க ஒரு வாக்கு கிடைத்துவிட்டது.

மரகதம்மாள் குருவானது அவர் கேட்டு நடந்த காரியம் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கல் உடைக்கும் ஆலையில் சிறு வயதிலிருந்து ஜல்லி அள்ளியவர். ஒருநாள் கூடையைத் தூக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. பிறகு கூடை இல்லாமலே மூச்சு வாங்கியது. வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டினவன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். காற்று நன்றாக வருகிறதே என்று முயல்பாறையில் வந்து உட்கார்ந்தார்.

ஆடு மேய்ப்பவர்கள் ஏதாவது கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொன்னார். இரண்டாவது சொல்லுக்கு மூச்சு இல்லை. அளந்து பேசுகிற அம்மா என்று பேர் வந்தது. ஒருவர் சோறு கொண்டுவந்து வைத்தார். இன்னொருவர் விளக்கு வைத்தார். அப்புறம் சிவக்கொழுந்து வந்து சேர்ந்தார்.

அவர் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்தது.

"படுத்தா மூச்சு முட்டுது" என்று அம்மா இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். அது யோக நித்திரை. அம்மாவின் உதடு கறுநீலமாக மாறியது. ஊர் விஷத்தையெல்லாம் விழுங்கினால் வேறு எந்த நிறத்தில் இருக்கும் என்று கேட்டார் சிவக்கொழுந்து. கழுத்து நரம்பு புடைத்துத் துடிக்க ஆரம்பித்தபோது, குண்டலினி கழுத்து வரைக்கும் ஏறிவிட்டதாக அறிவித்துப் பக்தர்களுக்குப் பானகம் கொடுத்தார்.

பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். ஒவ்வொன்றையும் நம்பித்தான் சொன்னார். பொய் சொல்லியிருந்தால் எப்போதாவது நிறுத்தியிருப்பார்.

ஒருமுறை அம்மா, "புகை வேண்டாம்" என்றார்.

சிவக்கொழுந்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. புகை என்றால் அகந்தை. கண்ணை மறைக்கும், கையில் பிடிபடாது. இரண்டே சொல்லில் எவ்வளவு பெரிய உபதேசம். டவுனுக்குப் போய் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதி வாங்கிவந்தார்.

அம்மா வாக்கு: புகை வேண்டாம்.

பலகையைக் குகை வாசலுக்கு மேலே மாட்டினார். அதற்கு நேர் கீழே கற்பூரத் தட்டை வைத்தார். அகந்தையை எரிக்க வேண்டும் அல்லவா. காலையும் மாலையும் தானே தூபக்காலைத் தூக்கிக்கொண்டு, குகையில் ஒரு மூலை பாக்கியில்லாமல் சாம்பிராணிப் புகை காட்டினார்.

நாளை ஆடி அமாவாசை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கற்பூரத்தோடு வருவார்கள். ஆடிக் காற்றில் கற்பூரம் அணைந்துவிடக் கூடாதென்று, குகை வாசலில் பந்தல் போட்டு மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தார் சிவக்கொழுந்து.

மரகதம்மாள் அந்தத் தார்ப்பாயைப் பார்த்தார்.

"நாளைக்குத் தாங்க மாட்டேன்."

"எதைம்மா?"

"புகையை."

சிவக்கொழுந்து மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஆமாம்மா. ஜனங்க மனசுல அவ்வளவு புகை."

மரகதம்மாள் அவரை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. சோறு போட்ட மனிதன், மழையில் குடை பிடித்த மனிதன். அவர்மேல் அம்மாவுக்குப் பிரியம் உண்டு.

"வாங்கண்ணே," என்று சுவரைப் பிடித்து எழுந்தார்.

பாறைக்குக் கீழே அடிகுழாய் இருக்கிறது. கூப்பிடு தூரம்கூட இல்லை. அதற்குள் அம்மா பல தடவை நின்றார். அவர் நின்ற இடத்திலெல்லாம் சிவக்கொழுந்தும் நின்று கைகூப்பினார். ஒரு கையில் தூபக்கால் இருந்ததால் அரைக் கும்பிடாகத்தான் வந்தது.

"அதைக் கீழ வைங்க. குழாயை அடிங்க."

தூபக்காலைக் குழாயடித் திட்டின் ஓரமாக வைத்துவிட்டு அடித்தார். தண்ணீர் கொட்டியது.

மரகதம்மாள் உள்ளங்கையால் குழாயின் வாயை அடைத்தார்.

"அடிங்க."

அடித்தார். பிடி கனத்தது.

"கையை எடுங்கம்மா."

"அடிங்க."

இன்னும் அடித்தார். விரலிடுக்கில் கொஞ்சம் பீய்ச்சியது. மற்றதெல்லாம் குழாயின் தலைப்பக்கத்து இடுக்கு வழியாகப் பொங்கி, இரும்பின் மேல் வழிந்து இறங்கி, திட்டில் தேங்கியது. சிவக்கொழுந்தின் வேட்டி நனைந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"குழாய் கெட்டுப்போச்சாண்ணே?"

"குழாய் நல்லாத்தாம்மா இருக்கு. வாயை அடைச்சா அது என்ன பண்ணும்?"

"கை வலிக்குதா?"

"உயிர் போகுதும்மா."

"இப்படியே எத்தனை நாள் அடிப்பீங்க?"

"நாளா? இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சா இங்கயே விழுந்துருவேன்."

மரகதம்மாள் கையை எடுத்தார். குழாய்க்குள் தேங்கியிருந்த தண்ணீர் சளாரென்று விழுந்தது. ஈரக் கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

"இதுவும் அப்படித்தான் அடிக்குது."

பிறகு திட்டில் நின்ற தண்ணீரைக் காட்டினார். அப்புறம் தன் வீங்கிய காலைக் காட்டினார்.

சிவக்கொழுந்தின் முகம் மலர்ந்தது. "புரியுதும்மா. மனசுங்கிற குழாயை ஆசைங்கிற கை..."

"மனசு இல்லண்ணே. நெஞ்சு."

"நெஞ்சுன்னா..."

"நெஞ்சுதான். எலும்புக்குள்ள இருக்கிறது."

மரகதம்மாள் திட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். மூச்சு திரும்பி வரும்வரை காத்திருந்தார். அவர் இவ்வளவு பேசி சிவக்கொழுந்து கேட்டதில்லை. துண்டு துண்டாக, நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஆலையில இருக்கும்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தாங்க. நுரையீரல் பூரா கல்தூசின்னாங்க."

நிறுத்தினார்.

"ரத்தம் அது வழியாத்தான் போய் வரணுமாம். வழி குறுகிப்போச்சு. இதயம் முட்டி முட்டித் தள்ளும், நாளாக நாளாக ஓய்ஞ்சு போகும்னாங்க. அப்புறம் வர்ற ரத்தத்தை வாங்க முடியாது. பின்னாலயே தேங்கும். கழுத்து புடைக்கும். காலு வீங்கும்."

மறுபடியும் நிறுத்தினார்.

"காலைப் பார்த்தா போதாது, நெஞ்சைப் பார்க்கணும்னாங்க. புகைப் பக்கமே போகாதன்னாங்க."

தூபக்காலிலிருந்து சாம்பிராணி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. காற்று திரும்பி அந்தப் புகை அம்மாவின் முகத்தில் அடித்தது. அவர் இருமினார். இருமல் நிற்கவில்லை. உதடு இன்னும் கறுத்தது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழுந்து நின்றது.

நாலு வருடமாகத் தினமும் பார்த்த காட்சிதான். சிவக்கொழுந்து எப்போதும்போல் கையைக் கூப்பப் போனார். கை பாதியில் நின்றது.

இருமல் அடங்கியதும் மரகதம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்குண்ணே."

சிவக்கொழுந்து காத்திருந்தார். இதற்கும் ஒரு விளக்கம் வரும் என்று உள்ளுக்குள் தேடினார். ஒன்றும் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண் பயந்து போயிருந்தாள். அவ்வளவுதான் இருந்தது.

"ஏம்மா இதை என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார்.

"சொன்னேன்."

"எப்பம்மா?"

மரகதம்மாள் கையைத் தூக்கி மேலே காட்டினார்.

சிவக்கொழுந்து திரும்பினார். பாறைக்கு மேலே, பந்தலுக்கு மேலே, மஞ்சள் பலகை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. தினமும் துடைத்துப் பொட்டு வைக்கிற பலகை. அவரே எழுதி வாங்கிய எழுத்து.

படித்தார்.

இன்னொரு தடவை படித்தார்.

பிறகு குனிந்து தூபக்காலை எடுத்து, திட்டில் தேங்கிய தண்ணீரில் அப்படியே கவிழ்த்தார். நெருப்பு சீறி அடங்கியது. நின்றபடியே அழுதார். சத்தம் வராமலிருக்கத் தோளில் கிடந்த துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்.

மரகதம்மாள் அவர் அழுது முடிக்கும்வரை இருந்தார்.

"டவுனுக்கு அடுத்த பஸ் எப்பண்ணே?"

சிவக்கொழுந்து வாயைத் திறந்தார். பயணம், பாதை, கரை சேர்வது என்று பழைய வார்த்தைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. கண் தானாகக் கீழே இறங்கியது. அம்மாவின் கணுக்காலில் அவருடைய கட்டைவிரல் பதித்த குழி இன்னும் முழுதாக மறையவில்லை.

"பதினொண்ணே காலுக்கு ஒண்ணு இருக்கும்மா," என்றார். "ஜன்னலோரமா இடம் பிடிச்சுத் தர்றேன்."