அபசுரம் வராத நாதசுரம்

சத்தியம் பண்ணிச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் பற்களும் இப்போதே உதிரட்டும்.

கரிசலாற்றூர் ராஜா கொண்டலப்பருக்கு நாதசுரம் என்றால் உயிர். நாதசுரத்துக்குத்தான் அவரைப் பிடிக்காது. அவர் ஊதினால் எருமைகள் தயிராகவே கறக்கும். இளவரசியைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகள் அந்த வாசிப்பைக் கேட்டுச் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். மூன்றாமவன் தூரத்து ஊர்க்காரன். சேதி தெரியாமல் சம்மதித்துவிட்டான்.

"முகூர்த்தத்துக்கு நானே வாசிப்பேன்," என்றார் ராஜா. "வாத்தியத்துலதான் ஏதோ கோளாறு."

பல வருஷமாக அரண்மனை நாதசுரங்களைப் பழுதுபார்க்கும் உலகநாத ஆசாரி வந்தார். மந்திரி சிற்றம்பலம் பிள்ளையின் மைத்துனனுக்கு அந்த வேலைமேல் ஒரு கண். மந்திரி ராஜாவின் காதைக் கடித்தார். உடனே உத்தரவு பிறந்தது: "இதுல இருந்து ஒரு அபசுரம் வெளியே வந்தாலும் உன் தலை இருக்காது."

ஆசாரி குழலைப் பார்த்தார், வாயில் வைத்து ஊதும் சீவாளியைப் பார்த்தார், அப்புறம் ராஜாவைப் பார்த்தார். கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது.

"சரிபண்ணிடலாம் மகாராஜா."

கல்யாண நாள். பக்கத்தில் அரண்மனை வித்துவான் வாசிக்க, ராஜா கன்னத்தை உப்பி, விரல்களைப் பறக்கவிட்டு ஊதினார். ஒரு பிசிறில்லை. வித்துவான் வாசித்ததெல்லாம் தன் குழலிலிருந்தே வருகிறது என்று அவருக்கு நினைப்பு. தாலியும் ஏறியது.

மந்திரிக்குப் பொறுக்கவில்லை. வாத்தியத்தை வாங்கி, சீவாளியைச் சுத்தம் செய்ய அதில் தொங்கும் ஊசியை எடுத்து ஒரு துளையில் குத்தினார். ஊசி மெழுகில் மாட்டிக்கொண்டு நின்றது.

"மகாராஜா, விரல் வைக்கிற துளையெல்லாம் இந்த ஆசாரி மெழுகால அடைச்சிருக்கான். இவ்வளவு நேரமும் நீங்க ஒத்துக்காரன் மாதிரி ஒரே சுருதியைத்தான் ஊதியிருக்கீங்க."

ராஜாவின் மீசை துடித்தது. "என்னய்யா இது?"

"உத்தரவுப்படிதான் மகாராஜா. அபசுரம் வெளியே வரக்கூடாதுன்னீங்க. அது வர்ற வழியை அடைச்சுட்டேன்."

"நல்ல சுரமும் அதே வழியாத்தானே வரணும்?"

"ஒண்ணாவது வருமான்னு இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேனுங்க. வரலை. ஆனா பாருங்க, இந்தத் தடவை மாப்பிள்ளை உட்கார்ந்திருக்காரு."

மணப்பெண்தான் முதலில் களுக்கென்று சிரித்தாள். ராஜா மாப்பிள்ளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அடக்கப் பார்த்து முடியாமல் தொந்தி குலுங்கச் சிரித்தார். கைக்காப்பைக் கழற்றி ஆசாரிக்குப் போட்டார். மந்திரி இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"ஆசாரி," என்றார் ராஜா, "அந்த மெழுகு கொஞ்சம் மிச்சமிருக்கா?"

மந்திரியின் வம்சம் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறது. கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள்.