ஐந்து நெல்லிக்காய் அறை

கரும்பாறை மலையின் கிழக்குச் சரிவில் ஒரு மூங்கில் காடு. அங்கே தும்பை என்ற சருகுமான் தன் குட்டி மிளகுவோடு வாழ்ந்து வந்தது. சருகுமான் என்றால் முயல் அளவுதான் இருக்கும். கால்கள் குச்சி குச்சியாக இருக்கும். சத்தம் கேட்டால் முதலில் ஓடிவிடும். எதற்கு ஓடினோம் என்று அப்புறம்தான் யோசிக்கும்.

அந்த வருடம் கார்த்திகை மழை விட்டபாடில்லை. காட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. தும்பை குடியிருந்த மரப்பொந்தும் மூழ்கிப் போனது.

"அம்மா, இனி எங்கே போறது?" என்று கேட்டது மிளகு.

"மலைக்கு அந்தப் பக்கம் போவோம். அங்கே உன் பெரியம்மா இருக்கா" என்றது தும்பை.

மலையைத் தாண்ட இரண்டு நாள் நடக்க வேண்டும். வழியெல்லாம் மொட்டைப் பாறை. தின்ன ஒரு இலைகூடக் கிடைக்காது. நடுவழியில் கணவாய் ஒன்று உண்டு. அங்கே மட்டும் தங்குவதற்குக் குகைகள் இருந்தன. தும்பை இருபது நெல்லிக்காய்களைப் பொறுக்கி எடுத்தது. தேக்கிலையில் பொட்டலம் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டது. தங்கும் வாடகைக்குப் பத்து போனாலும், தின்பதற்குப் பத்து மிஞ்சும். இரண்டு பேருக்கும் அது போதும்.

மாலையில் இருவரும் சொட்டச் சொட்ட நனைந்து கணவாய்க்கு வந்து சேர்ந்தார்கள். எதிரெதிராக இரண்டு குகைகள் இருந்தன.

இடப்பக்கக் குகை வேலம்மாவுடையது. வேலம்மா ஒரு முள்ளம்பன்றி. சிரிக்கத் தெரியாத முகம். வாசலில் தங்க வந்தவர் யாருமே இல்லை.

"ஒரு ராத்திரிக்கு எவ்வளவுங்க?" என்று கேட்டது தும்பை.

"பத்து" என்றது வேலம்மா. அதோடு வாயை மூடிக்கொண்டது.

வலப்பக்கக் குகை சவ்வாதுடையது. சவ்வாது ஒரு புனுகுப்பூனை. பக்கத்தில் போனாலே கமகமவென்று மணக்கும். வாசலில் ஒரு பெரிய பலகைக்கல்லை நிறுத்தி, அதில் ஒரு நெல்லிக்காயை வரைந்து, பக்கத்தில் ஐந்து கோடு கீறி வைத்திருந்தது.

"வாங்கம்மா, வாங்க! ராத்திரிக்கு ஐந்து! ஐந்தே ஐந்து!" என்று கூவியது சவ்வாது. வாசலில் ஒரே கூட்டம்.

பத்து எங்கே, ஐந்து எங்கே! தும்பை யோசிக்கவே இல்லை. வேலம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. 'ஐந்து காயை மிச்சம் பிடித்துவிட்டேன். நானும் கெட்டிக்காரிதான்' என்று நினைத்துக்கொண்டது.

சவ்வாதின் உபசாரத்துக்குக் குறைவே இல்லை. "ஈரத்தில வந்திருக்கீங்க. கீழே காய்ந்த இலை போடட்டுமா?" என்றது. தும்பை தலையாட்டியது. "குட்டி தாகமா இருக்கும் போல. தண்ணி குடிக்கட்டுமே!" என்றது. மிளகு கல்தொட்டியில் தண்ணீர் குடித்தது. இருவரும் நன்றாகத் தூங்கினார்கள்.

விடிந்ததும் தும்பை ஐந்து காய்களை எண்ணி வாசலில் வைத்தது. "போயிட்டு வரோங்க."

"மீதி?" என்றது சவ்வாது.

"எந்த மீதி?"

"காய்ந்த இலைக்கு இரண்டு. ஈரக்காலோட உள்ளே வந்ததுக்கு இரண்டு. குட்டிக்கு மூன்று. தண்ணிக்கு ஒன்று."

தும்பைக்குத் தலை சுற்றியது. "நீங்க ஐந்துன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா! அறை ஐந்துதான். அதில நான் ஒரு காய்கூட ஏத்தலையே! அறை வேற, அறைக்குள்ள வர்றது வேற. நீங்க படிச்ச மாதிரி தெரியறீங்க, உங்களுக்குப் புரியாமலா இருக்கும்?"

தும்பை படித்ததில்லை. ஆனால் புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குளம்பால் மண்ணில் கோடு போட்டுக் கூட்டிப் பார்த்தது. ஒரு தடவை பன்னிரண்டு வந்தது. இன்னொரு தடவை பதினான்கு வந்தது.

"பதின்மூன்றுங்களா?" என்று கேட்டது.

"கணக்குச் சொன்னதுக்கு ஒன்று. மொத்தம் பதினான்கு!"

தும்பை பதினான்கைக் கொடுத்தது. பொட்டலத்தில் ஆறுதான் மிஞ்சியது.

வழியெல்லாம் அதற்கு ஒரே குழப்பம். 'இலை வேண்டாம் என்று நான்தானே சொல்லியிருக்க வேண்டும்? காலைத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாமே? ஐந்து எப்படிப் பதினான்கு ஆகும்? அவர் பொய் சொல்லவில்லையே, அறை ஐந்துதானே! எனக்குத்தான் ஏதோ புரியவில்லை.' யோசிக்க யோசிக்க ஐந்து என்றால் எவ்வளவு என்பதே மறந்துவிடும் போலிருந்தது.

முன்னால் ஒரு முயல் நடந்து போனது. அதுவும் முந்தின ராத்திரி சவ்வாதின் குகையில் தங்கியதுதான். அதன் தோளில் தொங்கிய பொட்டலமும் ஒட்டிப்போயிருந்தது.

"அண்ணே, உங்களுக்கு எத்தனை ஆச்சு?" என்று கேட்டது தும்பை.

முயல் இரண்டு பக்கமும் பார்த்தது. "பதினொன்று. யார்கிட்டேயும் சொல்லிடாதே தாயி. என் காது நீளமாம். நீளக் காதுக்கு இடவாடகை தனியாம். வீட்டில தெரிஞ்சா சிரிப்பாங்க. எனக்குக் கணக்கு வராது."

'இவருக்குமா கணக்கு வராது?' தும்பைக்கு இன்னும் குழப்பம் கூடியது.

அந்த நேரம் பார்த்து வழி முடிந்துபோனது. கணவாய்க்கு அப்பால் இருந்த ஓடை கரைபுரண்டு ஓடியது. யானையால்கூட இறங்க முடியாது. எல்லோரும் அன்று மாலைக்குள் கணவாய்க்கே திரும்ப வேண்டியதாயிற்று.

"அம்மா, பசிக்குது" என்று அழுதது மிளகு. தும்பை ஒரு காயை எடுத்துக் கொடுத்தது. தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது இருந்தது ஐந்து. ஓடை வடியும்வரை குட்டியைப் பட்டினி போடாமல் காப்பாற்றுவது எப்படி என்று அதற்குத் தெரியவில்லை.

கணவாயில் புதிதாகப் பலர் வந்து நின்றிருந்தார்கள். காட்டுச்சேவல் தன் கோழியோடு நின்றது. இரண்டு உடும்புகள் நின்றன. வரிசையின் முன்னால் கரும்பாறை போல ஒரு கரடி நின்றது. எல்லோரும் சவ்வாதின் வாசலில்தான். வேலம்மாவின் வாசல் அன்றும் காலி.

தும்பை வேலம்மாவின் குகையைப் பார்த்தது. பத்து. அதனிடம் பத்து இல்லை. சவ்வாதின் கல்லைப் பார்த்தது. ஐந்து. சரியாக ஐந்து இருக்கிறது! ஆனால் நேற்றும் இதே ஐந்துதானே?

அது பாறைமேல் படர்ந்த பாசியில் தன் கால்களையும் மிளகுவின் கால்களையும் நன்றாகத் துடைத்தது. பிறகு தயங்கித் தயங்கிச் சவ்வாதின் முன்னால் போய் நின்றது.

"ஐயா, இன்னிக்கு எனக்கு இலை வேண்டாம். தண்ணி வேண்டாம். காலைத் துடைச்சிட்டேன். குட்டி என் முதுகு மேலேயே படுத்துக்கும். கணக்கும் சொல்ல வேண்டாம். அப்போ காலையில ஐந்து கொடுத்தாப் போதுங்களா?"

வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐந்துதாம்மா அறை!" என்று சிரித்தது சவ்வாது.

"அது தெரியுதுங்க. நான் எத்தனை கொடுக்கணும்?"

"அறைக்கு ஐந்து."

"சரிங்க. வெளியே போகும்போது என் கையை விட்டு மொத்தம் எத்தனை போகும்?"

சவ்வாதின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அதை இப்பவே எப்படிம்மா சொல்றது? இலை வேண்டாம்னா, போட்டிருக்கிற இலையை அள்ள ஒரு கூலி உண்டு. முதுகில குட்டி படுத்தா, அது மாடி அறைக் கணக்கில வரும். காலையில பார்த்துக்கலாமே!"

"எனக்குப் புரியலைங்க" என்றது தும்பை. அதன் கண் கலங்கியது. வம்புக்காகக் கேட்கவில்லை. அதற்கு நிஜமாகவே புரியவில்லை. "என்கிட்ட ஐந்துதான் இருக்கு. ஐந்துக்கு மேல ஆகும்னா நான் வெளியே மழையிலேயே இருந்துக்கறேன். ஐந்துக்குள்ளதான்னா உள்ளே வரேன். எதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

 

அப்போது முயல் திடீரென்று கத்தியது. "எனக்குப் பதினொன்று ஆச்சு! நேத்து என்கிட்டயும் ஐந்துன்னுதான் சொன்னார்!"

"உனக்குமா?" என்று துள்ளியது காட்டுச்சேவல். "போன மாசம் எனக்குப் பன்னிரண்டு! விடியக்காலையில நான் கூவினதுக்கு நாலு காய் வாங்கினார்! என் தப்புன்னு நினைச்சு இத்தனை நாள் வாயைத் திறக்கலை!"

"எங்களுக்கு வால் கட்டணம்!" என்றன உடும்புகள்.

தும்பை எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. இத்தனை பேருமா கணக்குத் தெரியாதவர்கள்? அப்படி இருக்க முடியாதே! அன்று காலையிலிருந்து நெஞ்சை அழுத்திய பாரம் மெல்ல இறங்கியது.

கரடி வரிசையை விட்டு விலகியது. சவ்வாதின் குகை வாசலில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது. வாசல் முழுவதும் அடைபட்டது.

"ஐயோ, எழுந்திருங்க! வழியை மறைக்கறீங்களே!" என்று பதறியது சவ்வாது.

"எனக்கு மொத்தம் எத்தனை ஆகும்?" என்றது கரடி.

"அறைக்கு ஐந்து..."

"மொத்தம் கேட்டேன்."

"உங்க உடம்புக்கு..."

"மொத்தம்! நீ சொல்ற வரைக்கும் நான் எழுந்திருக்கிறதா இல்லை."

இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே யாரும் போக முடியவில்லை. சவ்வாது அங்கும் இங்கும் ஓடியது. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே, "பதினைந்து" என்று முனகியது.

"பதினைந்தா!" வரிசை முழுவதும் ஒரே குரலில் கத்தியது.

"எதிர்ல பத்துதானே?" என்று கேட்டது ஒரு உடும்பு. அப்போதுதான் எல்லோரும் வேலம்மாவின் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலம்மா முட்களைச் சிலுப்பிக்கொண்டு வந்தது. "பத்துன்னா பத்துதான். இலை, தண்ணி, குட்டி, வால், எல்லாம் அதுக்குள்ள அடக்கம். நான் எப்பவும் பத்துன்னுதான் சொல்றேன். அந்த ஐந்து கோட்டைப் பார்த்ததும் எல்லாரும் அங்கே ஓடிடறீங்க. உண்மையைச் சொன்ன நான் கொள்ளைக்காரி, அவன் தருமவான்!"

தும்பை தலையைக் குனிந்துகொண்டது. நேற்று அதுவும் அப்படித்தானே ஓடியது!

காட்டுச்சேவல் ஒரு பாறைமேல் ஏறியது. "இனிமேல் இந்தக் கணவாயில மொத்த விலையை வாசல்லயே சொல்லணும். சொல்லாத குகையில நாம யாரும் கால் வைக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!"

"நேத்து ஐந்துன்னு சொல்லிட்டு அதுக்கு மேல வாங்கினதைத் திருப்பிக் கொடு" என்றது கரடி. இன்னும் எழுந்திருக்கவில்லை.

சவ்வாதுக்கு வேறு வழி இல்லை. தும்பைக்கு ஒன்பது காய், முயலுக்கு ஆறு காய் என்று கொண்டுவந்து வைத்தது. பிறகு கூட்டம் எதிர்ப்பக்கம் நகர்வதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கல்லைத் திருப்பிப் போட்டது. அவசர அவசரமாகக் கோடு கீறியது. "ஒன்பது! எல்லாம் சேர்த்து ஒன்பது! மேலே ஒன்றும் கிடையாது!"

வேலம்மா முறைத்தது. "அப்படியா? அப்போ எனக்கு எட்டு!"

முதல் தடவையாக அந்தக் கணவாயில் எல்லோருக்கும் எது மலிவு, எது விலை அதிகம் என்று தெளிவாகத் தெரிந்தது. பாதிப் பேர் இந்தப் பக்கம் போனார்கள். பாதிப் பேர் அந்தப் பக்கம் போனார்கள். ஒன்பதுக்கு மணக்கும் குகை கிடைக்கிறதே என்று கரடி சவ்வாதிடமே தங்கியது. தும்பையும் மிளகுவும் வேலம்மாவின் குகைக்குப் போனார்கள். அங்கே நறுமணம் இல்லை. ஆனால் தரை காய்ந்திருந்தது. மிளகு வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

காலையில் மழை விட்டிருந்தது. ஓடையும் வடிந்திருந்தது. தும்பை எட்டுக் காய்களை எண்ணி வைத்தது. ஆறு மிஞ்சியது. ஒரு நாள் நடைக்கு அது தாராளம். ஆனாலும் அது கிளம்பவில்லை. அப்படியே நின்றது.

"என்ன புள்ள, நிக்கிற?" என்று கேட்டது வேலம்மா.

"இன்னும் எத்தனைங்க?"

"எட்டுன்னு சொன்னேன். எட்டுக் கொடுத்துட்ட. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கிளம்பு, வெயில் ஏறிடும்!"

தும்பைக்கு அதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மிளகுவை முன்னால் நடக்கவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது.

முழு விலையை முன்னாலேயே சொல்வதுதான் நேர்மையான வியாபாரம், அதைச் சொல்லாமல் மறைப்பவரிடம் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.